நாலாம் நம்பர் பாலம்

அவன் நின்ற இடத்துக்கு அடியில்தான் பாலம் இருந்தது.

ஓடை கடக்க ரயில்காரன் கட்டிய சின்னப் பாலம். மேலே மண் மூடியாயிற்று. உள்ளே கூடாகப் பொள்ளல் அப்படியே கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் அந்தப் பொள்ளலைத் தேடி வரும்.

ரயில்வே வரைபடக் காகிதத்தை அவன் நம்பியதில்லை. இருபத்திரண்டு வருஷம் தண்டவாள ஆணிகளைத் தட்டிப் பார்த்துச் சுத்தியலோடு நடந்த பாதை. கால் சொல்லும்.

“என்னவே, பாலம் எங்கன கெடக்கு? அதுமேல கட்டுனா வீடு நிக்காதுன்னு இஞ்சினீயர் சொல்லுதாரு,” என்றார் கோமதிநாயகம். பஸ் முதலாளி. ரயில் நிலத்தை ஏலம் எடுத்தவர்.

அவன் வீட்டுக்காகத் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தான்.

மொத்தமே பதினாலு கிலோமீட்டர் லைன். காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. கோமதிநாயகம் பஸ் விட்டார். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ரயிலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து நிற்கும். ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆறே வருஷம். ரயில் காலியாக ஓடியது. அப்புறம் ஓடவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். கடைசி ஆணியை அவனே பிடுங்கினான்.

அந்த மாசமே அவன் பெண்டாட்டிக்கு வலி கண்டது.

பஸ்ஸில் ஏற்றினான். வழியில் பனிக்குடம் உடைந்தது. முன்சீட்டில் இருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார்.

“புது சீட்டு. எறக்கி விடு.”

ரோட்டோரத்தில் இரண்டு உயிர் போயிற்று.

ரயில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சியையும் இறக்கிவிட்டதில்லை.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதலாளிக்கு ஞாபகம் இருக்காது. இருந்தால் அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

“மொதலாளி படுக்கிற ரூம் எது?”

“அந்தா, கெழக்க. சுண்ணாம்புக் கோடு தெரியுதுல்லா? ஏன் கேக்கீரு?”

அவன் கிழக்கே இருபது எட்டு வைத்து நடந்தான். கோட்டுக்குள் நின்று குதிகாலால் குத்தினான்.

நல்ல கெட்டித் தரை.

“பாலம் இங்கனதான். ரூமை மேக்க தள்ளிப் போடுங்க.”

“நல்லவேளை. உம்மைக் கேக்காம விட்டிருந்தா குடி முழுகியிருக்கும்வே.”

கொத்தனார் கயிறு கட்டிய முளைகளைப் பிடுங்கினார். அவன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றான். கயிறு மேற்கே நகர்ந்து நகர்ந்து வந்தது. கணுக்காலில் உரசியது.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கிடும்.”

விலகி இடம் விட்டான்.