முதல் பக்கத்துப் பெயர்

புத்தகத்தைத் தொட்ட விரல்களைப் பூபதி பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அதைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

“இதாங்க மேடம் அத்தாட்சி. மொதப் பக்கத்துல என் பேரு இருந்த எடத்தப் பாருங்க. வெள்ளையடிச்சு மறைச்சிருக்கான்.”

ஓசூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் நிகத், ஸ்பைரல் போட்ட அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ‘ஒற்றைக்கண் தச்சன்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே வெறும் வெள்ளைப் பட்டை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளையில் படக்கதை.

பெயரை மறைத்த புண்ணியவானும் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். ஜூஜுவாடியில் நெட் சென்டர் வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன். சமாதானம் பேசிவிடலாம் என்று பூபதியின் பைக்குக்குப் பின்னாலேயே மொபெட்டில் வந்தவர், இப்போது வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஃபேனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

பூபதி சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே அவன் கண்டதில்லை. கட்டம் கட்டமாக உட்கார்ந்து வசனம் எழுதி, எழுத்தை அளவாகப் பொருத்தி, மாதம் ஓர் அத்தியாயமாகத் தன் வலைப்பூவில் போட்டு வந்தான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் பக்கத்தில் ‘பூபதி வழங்கும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் ஆளுக்கொரு ஸ்பைரல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாம்பார் கையோடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். இது என்னுடையது என்று அவன் சொன்னதற்கு, உன் பேரு எங்கே இருக்கிறது காட்டு என்றான் ஒருத்தன். அவன் பிரிவிலேயே வேலை பார்க்கும் லாவண்யா உட்பட மொத்த மேஜையும் சிரித்தது. போலீஸ் முத்திரை விழுந்த மனு நகலை அதே மேஜையில் கொண்டுபோய் வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

நிகத் கேட்கக் கேட்க அவன் பெயர், விலாசம், வேலை, எத்தனை மாதமாக இந்த அநியாயம் நடக்கிறது என்பதையெல்லாம் சொன்னான். அவள் விரல்கள் கீபோர்டில் ஓடின.

சென்னகிருஷ்ணன் எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தார்.

“நெட்டுல சும்மா கெடந்துச்சுங்க. பூட்டு போட்டா வச்சிருந்தாரு? நாலு பேரு படிக்கட்டும்னு பிரிண்ட் போட்டேன், அவ்ளோதானுங்க.”

பூபதி அவர் பக்கம் திரும்பினான். வயதில் மூத்தவர் என்ற மரியாதையெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

“சும்மா கெடந்தா எடுத்துக்குவியா? கோயில் வாசல்ல செருப்புகூடத்தான் சும்மா கெடக்குது. அடுத்தவன் பாடுபட்டத எடுத்து, அவன் பேர அழிச்சுட்டு விக்கிறதுக்கு, நீ பஸ் ஸ்டாண்டுல பிச்சை எடுக்கலாம்யா.”

நிகத்துக்கும் கோபம் வந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்களைச் சும்மா விடக்கூடாது, மனுவில் இன்னும் இரண்டு வரி காரமாகவே சேர்க்கிறேன் என்றாள். பூபதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திருடத் தெரிந்தவனுக்குப் புத்தகம் கட்டக்கூடத் தெரியவில்லையே என்பது அவனுடைய அடுத்த வயிற்றெரிச்சல். வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டியதை, பள்ளிக்கூட நோட்டு மாதிரி இடப்பக்கம் துளை போட்டு ஸ்பைரல் மாட்டியிருந்தார் மனுஷன். இரண்டு பக்கத்துக்கு விரிகிற படங்களில் குதிரையின் தலை ஒரு ஓரத்திலும் பின்னங்கால்கள் இன்னொரு ஓரத்திலும் கிடந்தன.

“வலமிருந்து இடமாவா?” என்று நிகத் டைப் அடிப்பதை நிறுத்திக் கேட்டாள். இந்தக் கதை அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அதையும் மனுவில் சேர்க்கச் சொன்னான் பூபதி.

அவள் சேர்த்தாள். புத்தகத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தாள்.

“கடைசியா ஒண்ணு சார். ஸ்டேஷன்ல கண்டிப்பா கேப்பாங்க. படமும் நீங்கதான வரைஞ்சது?”

பூபதி முதல் முறையாகத் தயங்கினான். வசனம் மொத்தமும் தன்னுடைய உழைப்பு, ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் யோசித்திருக்கிறேன் என்று ஆரம்பித்தான். நிகத் அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

“படம் ஜப்பான்காரர் ஒருத்தரு வரைஞ்சதுங்க. கதையும் அவருதுதான். பெங்களூர்ல கடையிலயே அந்த புக்கு இங்கிலீஷ்ல விக்கிறாங்க. யாரோ அத ஸ்கேன் பண்ணி நெட்டுல போட்டிருந்தாங்க, நான் எறக்கி, எழுத்த அழிச்சுட்டுத் தமிழ்ல போட்டேன்.”

“அவருகிட்ட கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

“அவரு பேரு என்ன?”

“ஞாபகம் இல்லீங்க. மொதப் பக்கத்துல இருந்துச்சு. அந்த எடத்துலதான் என் பேரப் போட்டேன்.”

சென்னகிருஷ்ணன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

நிகத் புத்தகத்தை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள். அடித்த மனுவை மொத்தமாக அழித்தாள்.

“அப்ப மனுதாரர் அந்த ஜப்பான்காரரு. எதிர் மனுதாரர்னு உங்க ரெண்டு பேர்ல யார் பேர முதல்ல போடட்டும்?”