நெட்டையனா, குட்டையனா?

“நெட்டையன் இந்த சீசன்ல அடிச்ச கோல்ல பாதி பெனால்டி. பந்தைப் புள்ளியில வச்சுக் கொடுத்தா நம்ம அண்ணியும்தான் அடிப்பாங்க. என்னண்ணே, நான் சொல்றது சரிதானே?” என்று கேட்டான் தம்பி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த அண்ணன் வாய் திறக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை எதுக்குத் தம்பி மைதானத்துக்கு இழுக்கறீங்க? நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன்” என்றாள் அண்ணி, போர்வையைச் சரிசெய்தபடி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும்போதே மயங்கி விழுந்தவர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். கை கால் மெல்ல வழிக்கு வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சாவி, குடை, நாற்காலி என்று படம் படமாகக் காட்டிப் பார்த்துவிட்டாள். அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாரே தவிர, ஒரு சொல்கூட வரவில்லை.

“வார்த்தை வந்தா மட்டும் போதாது. சொல்றது புரிஞ்சு சொல்லணும். அப்படி இல்லைன்னா இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது, நீண்டநாள் வார்டுக்குத்தான் மாத்தணும்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்டதிலிருந்து தம்பி ஏதாவது வழி கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தான். அப்புறம்தான் கால்பந்து நினைவுக்கு வந்தது.

நெட்டையனும் குட்டையனும் ஒரே கிளப்பில் வளர்ந்தவர்கள். ஒரே கோடையில் ஆளுக்கொரு பணக்கார கிளப் அவர்களை வாங்கிக்கொண்டு போனது. விலையைப் படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. நெட்டையன் போன இடத்தில் கோல் மழை. குட்டையனுக்கு முட்டியில் அடி, பாதி நாள் பெஞ்ச். அன்றிலிருந்து அண்ணன் நெட்டையன் கட்சி, தம்பி குட்டையன் கட்சி. மேட்ச் முடிய வேண்டியதுதான், தம்பி வீட்டில் ஃபோன் அடிக்கும். “பார்த்தியாடா உன் ஆளை? கொடுத்த காசுக்கு பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்!” என்று அண்ணன் ஆரம்பிப்பார். சாப்பாடு ஆறிப்போகும். சண்டை ஆறாது.

“எங்க அண்ணன் உசிரே போனாலும் நெட்டையனை விட்டுக்கொடுக்க மாட்டார் மேடம். அவனைத் திட்டினா கண்டிப்பா பேசுவார், பாருங்க” என்று பயிற்சிப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் தம்பி இன்று வாயைத் திறந்திருந்தான்.

“அண்ணே, அவனுக்கு இடது கால்னு ஒண்ணு இருக்கறதே செருப்பு வாங்கப் போனாத்தான் அவனுக்கு ஞாபகம் வரும்.”

அண்ணனின் புருவம் லேசாக ஏறியது. பயிற்சிப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

“கொடிக்கம்பம் மாதிரி நிக்கறான். எவனோ அடிச்ச பந்து அவன் மேல பட்டு உள்ளே போகுது. இவனை என் குட்டையனோட சேர்த்துப் பேசலாமா? நீயே சொல்லு, ரெண்டு பேர்ல யாரு நிஜமான ஆட்டக்காரன்?”

அண்ணனின் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“கு…”

அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“குட்… டையன்.”

பேசிவிட்டார்! தம்பி துள்ளி எழுந்தான். எழுந்த பிறகுதான் என்ன சொன்னார் என்பது உறைத்தது.

“இல்லண்ணே, நிதானமா யோசிச்சுச் சொல்லு. உன் ஆளு நெட்டையன். நெட்டையன்!”

“குட்டையன்” என்றார் அண்ணன், முன்னைவிடத் தெளிவாக. “பந்து… பாஸ் பண்றது… அழகு.”

பயிற்சிப் பெண்ணின் முகம் மாறியது. “பேரை மாத்திச் சொல்றாரா?”

தம்பியால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘இல்லை, சரியாத்தான் சொல்றார்’ என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

“மாத்தித்தான் சொல்றார் மேடம்” என்றான்.

பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. கண்ணில் நீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மாத்தியெல்லாம் சொல்லலைம்மா. புத்தி தெளிவா இருக்கு. ஆரம்பத்துல இருந்தே இவருக்குக் குட்டையன்தான் உசிரு. தம்பிகிட்ட கத்திட்டு ஃபோனை வச்சதும், ‘பாவம்டி அந்தப் பையன், முட்டி சீக்கிரம் சரியாகணும்’னு என்கிட்ட புலம்புவார்.”

பயிற்சிப் பெண் அண்ணனைப் பார்த்தாள். அவர் திருட்டு முழி முழித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ கவலையே இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.”

தம்பி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு கோபமும் வந்தது.

“அப்போ இத்தனை வருஷமா எதுக்குண்ணே என்னோட மல்லுக்கு நின்னே?”

அண்ணன் பேச முயன்று முடியாமல் மனைவியைப் பார்த்தார். அண்ணி குரலைத் தணித்தாள்.

“உங்க வீட்டுக்காரி தவறிப்போன வருஷம், நீங்க யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசினீங்களா தம்பி? சாப்பிட்டீங்களான்னு கேட்டா ‘ஆமா’, தூங்கினீங்களான்னா ‘ஆமா’, அவ்வளவுதான். ஒருநாள் இவர் தெரியாத்தனமா குட்டையனைத் திட்டிட்டார். அன்னிக்குத்தான் நீங்க ஒரு மணி நேரம் பேசினீங்க.”

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். அண்ணன் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்தார்.

“நானும்… குட்டையன்னு… சொல்லியிருந்தா… நீ ‘ஆமா’ன்னு… ஃபோனை வச்சிருப்பியேடா.”