சனியனுக்கு ஒரு வீடு

"ஞாயித்துக்கிழமை இந்தச் சனியன் என் வீட்டை விட்டுப் போயிடணும். சொல்லிட்டேன்!"

அப்பா தோளில் சுமந்து வந்த மரப்பலகைகளைக் கூடத்தின் நடுவில் தொப்பென்று போட்டார். ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த சனியன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஒன்றரை அடி நீளம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. மகள் இரண்டு வருடமாக வளர்க்கும் ஓணான். கூப்பிடுவதே தாடி என்றுதான். அப்பா அதை விரல் நுனியால்கூடத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"போகத்தானே போகுது, என்னோட சேர்ந்து" என்றாள் மகள்.

சண்டையே அதில்தான். தூரத்து ஊரில் வேலை கிடைத்ததை அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து பத்து நாளாக அவர் வாயைத் திறந்தாலே கத்தல்தான். பழைய தொட்டி லாரியில் உடைந்துவிடும் என்று அவள் ஒரு மரப்பெட்டி வாங்கப் போக, அதன் படத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறியது.

"மரத்தூளை அமுக்கி ஒட்டினதெல்லாம் ஒரு பலகையா? இருபத்தெட்டு வருஷமா மரப்பட்டறை வெச்சிருக்கேன். என் வீட்டுலேர்ந்து போறது கடைப் பெட்டியா? நானே செய்யறேன். அளவைச் சொல்லு."

"நாலடி நீளம், ரெண்டடி ஆழம், ரெண்டடி உயரம். பட்டறையில வெச்சே செஞ்சுடுங்கப்பா. இங்க வீடெல்லாம் தூசியாயிடும்."

"ஓணானுக்கு வீடு கட்டறேன்னு என் ஆளுங்க சிரிக்கணுமா? இங்கதான் செய்வேன். தூசின்னா நீ வெளிய நில்லு."

நான்கு நாட்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காற்று போக இன்னும் துளை வேண்டும் என்றாள் மகள். "நீயே வந்து போடேன்!" என்று எரிந்து விழுந்தவர், பன்னிரண்டு துளை கூடுதலாகப் போட்டார். தாடி குளிர்காய உள்ளே எரியும் விளக்கின் சூடு பலகையில் படக்கூடாது என்றாள். "எனக்கே பாடம் நடத்தறியா?" என்று உறுமிக்கொண்டே அங்கே தகரம் பொருத்தினார். வார்னிஷ் வாடை போகும்வரை தாடியை உள்ளே விடக்கூடாது என்றாள்.

"எனக்கும்தான் மூச்சு முட்டுது. அதைக் கேக்க இந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கா?"

"ஏன் எதுக்கெடுத்தாலும் கத்தறீங்க? வேலைக்குப் போறது ஒரு குத்தமா?" என்று அவளும் கத்தினாள். அவர் இழைப்புளியை எடுத்துப் பலகையை இழைக்க ஆரம்பித்தார். அன்று முழுக்கச் சுருள்சுருளாக மரம்தான் பறந்தது.

பலகைகள் சேர்ந்து பெட்டி நிமிர்ந்தபோது மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னப்பா இது? ஆழம் மூணடி, உயரம் மூணடி! நான் ரெண்டுதானே சொன்னேன்?"

"அது வளராதா? அப்ப வாலை எங்க வெக்கும், உன் தலை மேலயா?"

"அது வளர்ந்து முடிஞ்சாச்சு!"

"அப்ப ஏறி இறங்கி விளையாடட்டும். செய்யறவனுக்குத் தெரியும். நீ போய் மூட்டையைக் கட்டு!"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பசை போட்டு ஒட்டறீங்க? லாரியில போற சாமானுக்கு எப்பவும் ஸ்க்ரூதானே போடுவீங்க?"

"ஸ்க்ரூ முனை உள்ள நீட்டிக்கிட்டு அது காலைக் கிழிச்சா, அப்பவும் என்னைத்தானே திட்டுவீங்க? ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துட்டாங்க!"

அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வந்தது. துணி மூட்டை, புத்தகம், மேசை எல்லாம் ஏறின. கடைசியாகப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வாசல் நிலையில் டொக்கென்று இடித்தது. படுக்க வைத்தார்கள், நிமிர்த்தினார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். மூன்று பக்கமும் மூன்றடிக்குக் குறையாத பெட்டி எப்படித் திருப்பினாலும் இடித்தது. பின்கதவு இதைவிடக் குறுகல்.

"வராதும்மா. ஸ்க்ரூவைக் கழட்டிட்டா பலகை பலகையா எடுத்துட்டுப் போயிடலாம்" என்று லாரிக்காரர் மூலைகளைத் தடவிப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூகூட இல்லை. "இதை உடைச்சாத்தான் உண்டு."

இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் மகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பட்டறை வெச்சிருக்கேன், பட்டறை வெச்சிருக்கேன்னு பெருமை வேற! ரெண்டடி போதும்னு சொன்னா கேட்டீங்களா? பழைய தொட்டி லாரியில தாங்காது. இப்ப தாடியை நான் எதுல கொண்டு போவேன்? போற நாள்ளகூட என்னை அழ வெக்கணுமா? ஊருல இருக்கிற கதவையெல்லாம் அளக்கறீங்களே, சொந்த வீட்டு வாசக்கதவை அளக்கத் தோணலையா உங்களுக்கு?"

"அளக்காம என்ன? ஒண்ணுக்கு ரெண்டு தடவை அளந்தேன். முப்பத்திமூணு இஞ்ச்!" அவளைவிட உரக்கக் கத்தினார் அப்பா. விறுவிறுவென்று போய்த் தொட்டிக்குள் கையை விட்டார். பழகிய கையில் ஏறுவதுபோல் தாடி ஏறி, அவர் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ. என்னை இல்ல, இந்தச் சனியனை!"