டைமண்ட் இல்லையா?

லண்டன் பெண்கள் கிளப்பில் பிற்பகல் சீட்டாட்டம். ஊருக்கே புத்தகம் எழுதி பிரிட்ஜ் கற்றுக்கொடுத்த அகஸ்டா, எதிராளி இறக்கிய டைமண்டுக்கு ஒரு சிவப்புச் சீட்டைப் போடுகிறாள். தேநீர்க் கோப்பைகளில் கரண்டிச் சத்தம் நின்றுபோகிறது. "டைமண்ட் ஒண்ணுகூட இல்லையா, அகஸ்டா?" கூட்டாளி லவினியா வழக்கப்படிதான் கேட்கிறாள். அப்படியானால் விழுந்திருப்பது இன்னொரு சிவப்பு இனமான ஹார்ட்டின். டைமண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு போட்டால் அபராதம்; அதைவிட அவமானம். அகஸ்டா சீட்டுகளை முகத்தருகே கொண்டுபோகிறாள். சிவப்பெல்லாம் ஒரே கறையாக அசைகிறது. முத்துமாலைக்கு அடியில் வியர்க்கிறது. "இது உங்க புத்தகத்துல எத்தனையாவது பாடம்?" எதிராளி சிரிக்கிறாள். தலைக்கு மேலே ஏதோ உஸ்ஸென்று இரைகிறது. "பாழாப்போன மூடுபனி, அதுக்குள்ள இருட்டிடுச்சு. யாராவது விளக்கை ஏத்துங்களேன்" என்கிறாள் அகஸ்டா. யாரும் அசையவில்லை. லவினியாவின் குரல் தாழ்ந்து வருகிறது. "மேலே கேஸ் விளக்கு எரிஞ்சுகிட்டுதானே இருக்கு."