ஒரு சொட்டு போதும்

ஜூன் 12. தம்பி அன்று செய்த சின்னத் தப்பு, போனை சைலன்டில் போட்டதுதான். ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் அக்காவின் செய்தி: 'முன்பல் கேப் கழண்டுடுச்சு. நாளைக்கு இன்டர்வியூ. நானே ஒட்டிக்கப் போறேன்.'

அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். குளியலறைக் கண்ணாடி முன்னால் அக்கா வாயைப் பிளந்து நின்றிருந்தாள். ஒரு கையில் கேப், மறு கையில் செருப்பு ஒட்டும் பசை. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டிருந்தது.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வேணாங்க்கா! ஈறு வெந்துடும்!"

"விடுடா, பெரிய பல் டாக்டர்! ஒரு சொட்டு போதும்னு வீடியோல தெளிவா சொல்லியிருக்கு."

"சொன்னவன் என்ன டாக்டரா? எவனோ எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சிருப்பான்க்கா!"

"அப்படியா?" அக்கா கேப்பை வைத்துவிட்டுப் போனைத் தட்டினாள்.

'பயப்படாதீங்க, துளிகூட ஆபத்து இல்லை.'

போனிலிருந்து கனிவாக வந்த குரல் தம்பியுடையது.

"உன் குரலாச்சேன்னுதானேடா நம்பினேன்!"

தம்பி அவள் மணிக்கட்டை விட்டான். அக்கா பசையை மூடி வைத்தாள்.

நாளை காலை முதல் வேலையாக அக்காவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அப்புறம் ஸ்டூடியோவுக்குப் போய், தான் குரல் கொடுத்த அந்த வீடியோவை நீக்கச் சொல்ல வேண்டும்.