முன்கைப் பட்டை

சவரிமுத்துவுக்கு வலது கை மட்டும்தான். அதிலும் மணிக்கட்டு பலவீனம். அதனால் கைத்துப்பாக்கியை முன்கையோடு பிணைக்க ஒரு பட்டை. அரசாங்கம் அதைத் தடை செய்தது, பிறகு அனுமதித்தது. இன்று லைசென்ஸ் சோதனைக்காக வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் முன்னால் மனைவி எஸ்தர் துப்பாக்கியோடு அதைக் கட்டிவிட்டதும் அவர் போன் ஒலித்தது.

வந்த செய்தியைப் படித்தார். “பட்டைக்கு மறுபடி தடை. கழட்டுங்க.”

“நானா எப்படி சார் கழட்டுவேன்?”

எஸ்தரின் விரல்கள் கொக்கிக்குப் போயின.

“தொடாதீங்கம்மா. லைசென்ஸ்காரர் தவிர யார் தொட்டாலும் குற்றம். அதுவும் புது உத்தரவு.”

“அப்ப நீங்க கழட்டுங்க சார்.”

“எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கு.”

துப்பாக்கியோடு கூரையைப் பார்த்துத் தூக்கியிருந்த சவரிமுத்துவின் கை கனத்தது. மெல்ல இறங்கத் தொடங்கியது. எதிரே நின்ற இன்ஸ்பெக்டர் தன் இடுப்புத் துப்பாக்கி உறையைத் திறந்தார்.

“இறக்காதீங்க,” என்றார்.