நிச்சயத்துக்கு முந்தின நாள்

விலாசினி செய்தது பச்சைத் துரோகம் என்பதில் காரோடு ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ரத்னபாயும் அவளும் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதினெட்டு வருஷமாக இருப்பவர்கள். அப்படிப்பட்டவள், ரத்னபாயின் ஒரே மகன் ஜித்தினுக்கு நாளை நிச்சயம் என்றிருக்கும்போது, ஹெல்த் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

அது 2020 மார்ச். முந்தின நாள்தான் ஜித்தின் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தான். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பதினாலு நாள் தனியே இருக்க வேண்டும் என்று டில்லியிலிருந்து புதிய உத்தரவு. விமான நிலையத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தாளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ரத்னபாய் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். மகனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஊரடங்கு என்றதும், அன்றைக்கு வைத்திருந்த நிச்சயத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினாள். ஒற்றசேகரமங்கலத்தில் பெண் வீட்டில் நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் யாரோ சுகாதார நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். பதினாலு நாள் யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஜித்தின் தனி அறைக்குள் போனான். நிச்சயம் நின்றது.

“யாரு சார் உங்கள விளிச்சுச் சொன்னது?” என்று கேட்டாள் ரத்னபாய்.

அதைச் சொல்ல முடியாது என்றார் அவர்.

ரத்னபாய் விலாசினியைப் பார்த்தாள். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கும் ஆஷா ஊழியர் அவள்தான். வேறு யாராக இருக்கும்?

“நீயாக்கும் விளிச்சது?”

விலாசினி இன்ஸ்பெக்டரை ஒருமுறை பார்த்தாள்.

“ஆமா, நான்தான்.”

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

“இனி எனக்க முகத்துல முழிக்காதே,” என்றாள் ரத்னபாய்.

ஆனால் விலாசினி தினமும் இரண்டு வேளை வந்து நின்றாள். கேட்டுக்கு வெளியே நின்று ஜித்தினைக் கூப்பிட்டு, காய்ச்சல் உண்டா, மூச்சு முட்டுகிறதா என்று விசாரித்தாள். பாலும் மீனும் வாங்கிவந்து மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ரத்னபாய் வந்து எடுப்பாள். ரேஷன் கடையிலும் பெண்கள் விலாசினியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஜித்தினுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி வெயிலில் நின்று, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் விலாசினிதான்.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. கொரோனா. அன்றைக்கே நாடு முழுவதும் இருபத்தொரு நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள்.

ரத்னபாய்க்கு நோய் இல்லை. ஆனாலும் வீட்டில் தனியாக அடைந்து கிடந்தாள். நூற்றிருபது முகங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெண்ணின் அப்பா யோசுவா, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அவருக்குப் பக்கத்தில்தான் ஜித்தினை உட்காரவைப்பதாக இருந்தது.

அன்று மாலை விலாசினி பால் வைக்க வந்தபோது ரத்னபாய் மதிலோரம் நின்றிருந்தாள். “நீ வல்லதும் தின்னியா பிள்ளே?” என்று சாப்பாட்டை மட்டும் விசாரித்தாள்.

ஜித்தின் மூன்று வாரத்தில் குணமாகி வந்தான். அவனால் வேறு ஒருவருக்கும் தொற்று இல்லை. பாறசாலைப் பக்கமே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டது.

ஜூன் மாதம், ஐம்பது பேருக்கு மட்டும் அனுமதி என்ற நிலையில் சபை ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. ரத்னபாய் விலாசினியை முன்வரிசையில் உட்காரவைத்தாள். பிரார்த்தனை முடிந்ததும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“எனக்க மகனும் சம்பந்தியும் இண்ணு இங்க நிக்கினும்னா, அண்ணு இவ விளிச்சுச் சொன்னதுனாலயாக்கும். நான் இவளத் துரோகின்னு சொன்னேன். எங்க ஊருக்கே பெருமை இவ.”

கைதட்டல் எழுந்தது. விலாசினி மட்டும் தலைகுனிந்து இருந்தாள். மணப்பெண் சிஜி எழுந்திருக்கப் போனதைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

சிஜி கேட்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி, அண்ணு போன் செய்தது நானாக்கும். ‘உனக்க பேரு தெரிஞ்சா இந்தக் கல்யாணம் நடக்காது மக்களே, பழி எனக்க மேல இருக்கட்டு’ன்னு சொன்னதுதான் விலாசினி அக்கா.”